ஒரு ஒல சோறும் திருகாணி பொட்டியும்

உனுக்கு வேற வேலயே இல்லியா? அவனவன் தண்ணி லாரிக்கு கொடத்த தூக்கிகினு ஓடிகினு கீறான், நீ இன்னாடான்னா காலு மேல காலு போட்டுகினு, "ஆயா, அந்த திருகாணி கதய சொல்லு"ன்ற. இன்னாத்துக்கு கேக்குற? அவன் உனுக்கு மாமனா, மச்சானா? இன்னிக்கி கேட்டுட்டு நாளைக்கி டோல்கேட்டு வரிக்கும் டமாரம் அடிப்ப. தெரியாதா உன்ன? சரி, குந்து. எடையில "அப்பால இன்னாச்சி, அப்பால இன்னாச்சி"ன்னு புடுங்காத. எனுக்கு மூச்சு வாங்கும்.

ராயபுரத்துலேர்ந்து எண்ணூரு வரிக்கும் எவ்ளோ பைத்தியம் வேணா காட்டுறேன். பொறா வுடுற பைத்தியம், கேரம் போர்டு பைத்தியம், கூழு ஊத்துற அன்னிக்கி ஒண்டி சாமி வர்ற பைத்தியம். ஆனா, நேத்து நல்லா இருந்த சத்தம் இன்னிக்கி கெட்டுப் பூட்ச்சின்னு தலைல கைய வெச்சிகினு குந்துன ஒரே பைத்தியம் திருகாணிதான். பாலு கெட்டுப் பூடும். மீனு கெட்டுப் பூடும். தங்கமான மருமவ கூட கெட்டுப் பூடுவா. சத்தம் எங்கனா கெடுமா? அவன் வூட்ல கெட்டுச்சி.

அவனுக்கு ஆத்தா அப்பன் வெச்ச பேரு ரேசன் கார்டுல தூங்கிகினு கீது. நாங்க அல்லாரும் கூப்புட்றது திருகாணி. ஏன்னா அந்த ஆளுக்கு கைய சும்மா வெச்சிகினு இருக்கத் தெரியாது. கொயாவ திருகுவான். காஸ் அடுப்ப திருகுவான். டீ வர்ற வரிக்கும் டீக்கட பிஸ்கோத்து பாட்டிலு மூடிய திருகிகினே நிப்பான். ஒரு தபா பஸ்ல, பக்கத்துல குந்தின ஆளு மடில வெச்சிருந்த கூஜா மூடிய திருகிட்டான். அந்தாளு ஆஸ்பத்திரிக்கு கஞ்சி எட்துகினு போறாரு பாவம். கஞ்சி அல்லாம் பேண்ட்டுல. "இன்னாய்யா கை இது?"ன்னு அவரு கேட்டதுக்கு, "மூடி லூசா கீதே, டைட்டு பண்லாம்னு பாத்தேன் சார்"ன்னு சொன்னான். அவ்ளோ நல்லவன்.

எங்க வூடு ஒரே வூடுதான். நடுவுல ஒத்தக் கல்லு செவுரு வெச்சி ரெண்டா ஆக்கி கீது. இந்தாண்ட நானு. அந்தாண்ட அவனும் அவன் பொஞ்சாதி தேவியும். அவன் தும்முனா நான் இங்கேர்ந்து நூறாயுசு சொல்லுவேன். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுல மெசினு வெச்சி தகடு அறுக்குறதுதான் அவன் வேல. தேவி காசிமேட்டுல எறா உரிக்கிற ஷெட்டுக்குப் போவா. ரெண்டு பேரும் நல்ல ஜோடி. கெட்ட நேரம் ஒரு பொட்டி ரூபத்துல வந்துச்சி.

கிட்டாரு முன்னாடியே வெச்சிருந்தான். அத்த தட்னா கொசு பாட்ற மாதிரி கேக்கும். எவனுக்கும் தொந்தரவு இல்ல. அப்பால எங்கியோ செகண்டேண்டுல ஒரு ஸ்பீக்கர் பொட்டிய எட்தாந்தான். கிட்டார்லேர்ந்து ஒயரு வந்து அதுல சொருகிக்கும், சத்தம் அல்லாம் பொட்டிலேர்ந்துதான் வரும். பொட்டி தலைல வரிசயா திருகு. ஒண்ண திருகுனா கண்டெய்னர் லாரி போற மாதிரி கும்முன்னு கேக்கும். இன்னொண்ணு மனுசத் தொண்ட மாதிரி. கடைசில ஒண்ணு கீது பாரு, டிரெபுளாம், அது கீச்சு. அத்த ஒரு ரவ ஏத்துனா மணி மாதிரி கீது. இன்னொரு ரவ ஏத்துனா ஊசி. சும்மாவே கை நிக்காதவன் கையில இத்தினி திருகு சிக்குனா இன்னா ஆவும்?

சாய்ந்தரம் வேல முடிச்சி வருவான். மூஞ்சி கய்வுவானோ இல்லியோ, பொட்டி முன்னால குந்திடுவான். இப்டி திருகுவான், அப்டி திருகுவான், டொய்ங்னு தட்டுவான், தலய ஆட்டுவான், மறுபடி திருகுவான். கடைசில செவுத்த தட்டி கூவுவான்.

"ஆயா! வந்துட்சி ஆயா! தேன் மாதிரி கீது, கேட்டியா?"

"கேட்டேன்டா. சக்கர வியாதிக்காரி நானு, அத்தோட நிறுத்து."

காலைல எய்ந்து அதே பொட்டிய போடுவான் பாரு, கீய்ங்குன்னு ஒண்ணு வரும். தெருவுல நாயி எய்ந்து ஓடும்.

"எவன்டா இதுல கை வெச்சது?"

தெனிக்கும் இதே கதைதான். சாய்ந்தரம் தேனு, காலைல ஊசி. எவனோ அவன் தூங்கசொல்லோ வந்து திருகிட்டுப் போறான்னு முடிவே பண்ணிட்டான்.

தேவி பொறுத்தா, பொறுத்தா. எறா உரிச்சி உரிச்சி வெரலு அல்லாம் வெந்து போயி வரும் அந்தப் பொண்ணு. வூட்டுக்கு வந்தா இது. ஒரு நா அவளே வந்து எங்கிட்ட சொன்னா. "மொத பாட்டு நல்லாத்தான் கீது ஆயா. ரெண்டாவது பாட்டுல காது சூடாவுது. அப்பால பல்லு கூச ஆரம்பிக்கிது. எவர்சில்வர் தட்ட எவனோ கரண்டியால சொரண்டிகினே கீற மாதிரி. சோறு திங்க முடில."

அடுத்த நாளு பைய தூக்கிட்டா. எண்ணூர்ல ஆத்தா வூடு. இவன் வாசப்படில நின்னுகினு கதவு தாப்பாள திருகிகினே கேக்குறான், "கோச்சிகினு போறியா தேவி?"

"கோவம் இல்லயா. காதுக்கு லீவு குடுக்கப் போறேன்."

"எப்ப வருவ?"

அவ யோசிச்சா. "ஒரு நா வருவேன். ஒரு ஒல சோறு வெப்பேன். அது வேகுற வரிக்கும் நீ வாசி, நான் கேப்பேன். பல்லு கூசலன்னா இங்கியே கீறேன். கூசுச்சின்னா, ஒண்ணு அந்தப் பொட்டி, இல்ல நானு. நீயே சொல்லிக்க." அவ்ளோதான். ஷேர் ஆட்டோ ஏறிட்டா.

அன்னிலேர்ந்து ஆளு ஒரு எடத்துல நிக்கல. திருடன புடிக்கணுமே. தேவி டப்பாலேர்ந்து ஸ்டிக்கர் பொட்டு எட்தாந்து, ஒவ்வொரு திருகும் நிக்கிற எடத்துல நேரா ஒண்ணு ஒட்டுனான். திருகு நகந்தா தெரிஞ்சிடும்ல. பொட்டி தலைல வரிசயா செவப்பு பொட்டு. ஆடி மாசத்து அம்மன் கணக்கா நிக்கிது. கற்பூரம் காட்டாததுதான் பாக்கி.

காலைல பாத்தான். பொட்டு வெச்ச எடத்துலயே கீது. திருகு பொட்டுக்கு நேராவே கீது. தட்னான். கீய்ங்கு.

மனுசனா இருந்தா திருகு நகந்திருக்கும், அப்ப இது மனுசன் இல்லன்னு, லாரிக்கு கட்ற மாதிரி எலுமிச்சம்பயமும் பச்ச மொளகாயும் கோத்து பொட்டி கைப்புடில கட்னான். எலுமிச்சம்பயம் காஞ்சிச்சே தவுர, கீச்சு போவல. பேய் இல்லன்னா அப்பால யாரு? பகல் பூரா வூட்லயே கெடக்கிற கெயவிதான். வந்துட்டான் எங்கிட்ட.

"ஆயா, தப்பா எட்துக்காத. நீ எதுனா..."

"ஆமாண்டா. நாலு தபா காப்பி குடிச்சிட்டு, மருந்து போட்டுகினு, மிச்ச நேரத்துல செவுத்துல பூந்து உன் பொட்டிய திருகுறேன். எனுக்கு வேற பொயப்பு?"

"இல்ல ஆயா, சாவி உங்கிட்டதான் குடுத்துட்டு போறேன்."

"சாவிய குடுத்தது கொயால தண்ணி வந்தா புடிக்க. உன் தேன நக்குறதுக்கு இல்ல. போடா சோமாரி."

போனான். போற வயில என் டிரம்மு கொயாவ திருகி மூடிட்டு போனான். அது ஒயுகினு இருந்திச்சி, மெய்தான்.

இனிமே அவன் காத அவனே நம்ப முடியாதுன்னு, வேற ஆளு காத வெச்சி பாக்கலாம்னு ரோசன பண்ணான். நல்ல ரோசன. ஆனா புட்ச்சாந்த ஆளு யாரு தெரியுமா? எதுத்த வூட்டு லாஞ்சு மாமு. நடுக்கடலுக்கு லாஞ்சு ஓட்ற டிரைவரு. பொறந்ததுலேர்ந்து டீசல் இஞ்சினு பக்கத்துலயே குந்தினு கீறவரு. அவுரு சம்சாரம் தெருக்கோடிலேர்ந்து கத்தி கூப்புட்டாதான் அவுரு திரும்புவாரு. பக்கத்துல நின்னு கூப்புட்டா கொசுவ ஓட்ற மாதிரி கைய வீசுவாரு. அந்தக் காதத்தான் நம்மாளு ஜட்ஜா வெச்சான்.

"மாமு, கூசுதா?"

"ஒரு கூச்சமும் இல்ல. ஜம்முனு கீது. இன்னும் ரவ ஏத்து நைனா."

ஏத்துனான்.

"இப்ப?"

"இப்பதான் லேசா கேக்குது. ஏத்து."

நான் இந்தாண்ட தலவாணிய காதுல வெச்சிகினேன்.

அந்த வாரமே டோல்கேட்டாண்ட ஒரு மண்டபத்துல ரிசப்சனு. இவன் ஒரு பாட்டு செட்டுல வாசிச்சிகினு இருந்தான். மாமு பாஸ் பண்ண சத்தத்தோட பொட்டிய தூக்கிகினு போய்ட்டான். மாப்ள வூட்டுக்காரங்க எங்க தெரு ஜனம், நானும் போனேன். மொத பாட்டுக்கு பிகில்லாம் அட்ச்சானுங்க. ரெண்டாவது பாட்டுக்கு கைத்தட்டு கம்மியாச்சி. அப்பால முன் வரிசைல ஒவ்வொருத்தரா எய்ந்துகிறாங்க. எவனும் சண்ட போடல, வாய தொறக்கல. நெளியறான், காத நோண்டறான், "சாப்டுட்டு வந்துடலாம்"னு எய்ந்துகிறான். பொண்ணோட ஆத்தா மேடைல நின்னுகினே முந்தானிய ரெண்டு காதுக்கும் அடச்சிகினு சிரிக்குது, போட்டாவுக்கு. மண்டபமே காலி. அல்லாம் சாப்பாட்டு எடத்துல.

அங்க பிரியாணி பாய் இன்னும் தேக்சா தம்மே ஒடைக்கல. தொறந்தா அரிசி வெரப்பா நிக்கிது. ஜனம் எலய போட்டுகினு குந்தினு மேசய தட்டுது. பாய்க்கு வந்துச்சி பாரு கோவம், கரண்டியோட மேடைக்கே ஏறிட்டாரு.

"எப்பா கிட்டாரு! ஒன்கு புண்ணியமா போவும், நிறுத்து. என் பொயப்புல மொத தபா, பாட்டு கேட்டு ஜனம் பசிச்சி ஓடி வந்து பாக்குறேன்!"

செட்டு மாஸ்டரு அங்கியே கையெட்து கும்புட்டாரு. "தம்பி, நீ வூட்ல வாசி." அத்தோட செட்டும் போச்சி.

எனுக்கு சிரிப்பு தாங்கல. ஷேர் ஆட்டோல அவன் பக்கத்துலதான் குந்தினு வந்தேன். "இன்னாடா, தேவி ஒருத்திய தொரத்துன. இப்ப மண்டபத்தயே தொரத்துற. முன்னேறிட்ட"ன்னேன். சண்டைக்கி வருவான்னு பாத்தா, வரல. பொட்டி மேல கைய வெச்சிகினு, ஒரு திருகையும் தொடாம வந்தான். 

தேவிக்கு தெனிக்கும் போன் பண்ணுவான், காலைல ஒரு தபா, சாய்ந்தரம் ஒரு தபா. காலைல பேசுனான்னா எனுக்கு ஒரு எயவும் கேக்காது, செவுத்துல காத ஒட்டிகினாதான் உண்டு. சாய்ந்தரம் பேசுனா பூண்டு உரிச்சிகினே கேக்கலாம். அவ்ளோ கத்துவான். நான் அத்த ஒரு வசதியாத்தான் நெனச்சேனே தவுர, அதுக்கு மேல யோசிக்கல. யோசிச்சது தேவி.

மண்டபத்துக்கு மறுநாளு சாய்ந்தரம். அவன் கத்திகினு கீறான். "பொட்டு அப்டியே கீது தேவி! திருகு நகரல! நான் இன்னாதான் பண்றது?" அந்தாண்ட அவ எதுவோ சொன்னா. இவன், "இன்னாது? ஒரக்கச் சொல்லு!"ன்னான். அவ மறுபடி சொன்னா. இவன் ஸ்பீக்கர்ல போட்டான். அப்ப எனுக்கும் கேட்டுச்சி.

"ஏன்யா கத்துற? காலைல பேசுனா பூன மாதிரி பேசுற, சாய்ந்தரமானா நான் போன கை நீட்டி தூரமா புட்ச்சிகினு பேசுறேன். எங்க ஆத்தா கேக்குது, உன் புருசன் மத்தியானத்துக்கு மேல செவுடான்னு."

"நான் கத்தலியே!"

"தோ, கத்துற. தகடு அறுத்து அறுத்து, வூட்டுக்கு வரசொல்லோ உன் காது அடச்சிகினு வருதுயா. அதான் பத்தலன்னு கீச்ச ஏத்துற. தூங்கி எய்ந்தா காது தொறந்துக்குது, அப்ப குத்துது. உன் பொட்டிய எவனும் திருகல. உன் காதத்தான் அந்த மெசினு திருகுது."

 நான் பூண்ட கீய போட்டுட்டு செவுத்துல காத ஒட்டிகினேன்.

அவன் மெதுவா கேட்டான். அவன் சாய்ந்தரத்துல மெதுவா பேசி நான் கேட்டது அன்னிக்கித்தான். "அப்ப, இத்தினி நாளா உன் பல்லுல ஊசிய ஏத்திகினு இருந்தது நானா?"

"நீதான்யா."

இத்த நம்புறதுக்கும் அவனுக்கு ஒரு வாரம் ஆச்சி. ஞாயித்துக்கெயம லீவுல, காலைல எய்ந்ததும் டீ கூட குடிக்காம திருகி வெச்சான். கீச்ச எறக்கி, நடு திருக ஏத்தி. புச்சா பொட்டு ஒட்னான். அன்னிக்கி சாய்ந்தரமும் அதே சத்தம். குதிச்சான். திங்கக்கெயம சாய்ந்தரம் வேலலேர்ந்து வந்து தட்னான்.

"ஆயா! எவனோ எறக்கிட்டான் ஆயா! கம்பளிய போத்திகினு பாட்ற மாதிரி கீது!"

"பொட்டு எங்க கீதுன்னு பாரு நைனா."

பாத்தான். அப்டியே குந்திட்டான்.

அப்பால வெளிய பாத்து திருடன தேடறத வுட்டுட்டான். மார்க்கெட்டுல காதுல பஞ்ச அடச்சிகினு அதுக்கு மேல துண்டு கட்டிகினு வேல செஞ்சான். பக்கத்து கடைக்காரன் "பல்லு வலியா?"ன்னானாம். "ஆமா, எம் பொஞ்சாதிக்கு"ன்னானாம். வூட்ல தேவி குந்துற எடத்துல, அடுப்பாண்ட கீய, போயி குந்தி பாத்தான். அப்பதான் தெரிஞ்சிது. அவன் பொட்டிக்கு முன்னால நின்னுகினு வாசிப்பான். பொட்டி தரைல கீது. சத்தம் அவன் கணுக்கால்ல இடிச்சிட்டு நேரா போயி, கீய குந்தினு கீர ஆயுற தேவி மூஞ்சில அறையும். இத்தினி நாளா அந்தாளு பாட்ட ஒயுங்கா கேட்டது அவன் முட்டிதான். உடனே பொட்டி மூஞ்சிய செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சான். என் செவுரு.

அல்லாம் சரி. கை? பஞ்ச அடச்சியும் சாய்ந்தரமானா அவன் காதுக்கு அது மந்தமாத்தான் கேக்கும். கை போவும், கீச்சாண்ட. "ஆயா, நான் தொட்டா அடி"ன்னு தொடப்பத்த எங்கிட்ட குடுத்தான். எனுக்கு இத்த வுட வேற சந்தோசம் இன்னா கீது? கதவாண்ட முக்காலி போட்டு குந்திகினேன். கை போவும், நான் ஓங்குவேன், கை திரும்பும். பாவம், அந்த அரிப்புக்கு வூட்ல கீற மத்த அல்லாத்தையும் திருகுனான். பேனு ஒரு நிமிசம் பொயலா சுத்தும், ஒரு நிமிசம் நிக்கும். ஊறுகா பாட்டில அவன் இறுக்கி மூடுனதுல இன்னிக்கி வரிக்கும் எவனாலயும் தொறக்க முடில.

தேவி ஒரு வெள்ளிக்கெயம சாய்ந்தரம் வந்தா. வேல நாளாவே பாத்துதான் வந்தா, கில்லாடி. பைய உள்ள வெக்கல, வாசப்படிலயே வெச்சா. ஒல வெச்சா. அரிசிய களஞ்சி போட்டா. கீய குந்தினா. "வாசி"ன்னா.

வாசிச்சான். நான் தொடப்பத்தோட கதவாண்ட. தண்ணி கொதிக்கிற வரிக்கும் அவ மூஞ்சில ஒண்ணும் தெரில. அவனுக்கு மந்தமா கேக்குதுன்னு அவன் கண்ணுல தெரியுது. நெத்தில வேர்வ. ரெண்டாவது பாட்டு. காது சூடாவுதுன்னு அவ சொன்ன பாட்டு. கை எறங்குச்சி, கீச்சாண்ட போச்சி. நான் தொடப்பத்த தூக்குனேன். அவன் என்ன பாக்கல, அவள பாத்தான். கைய எட்து கம்பிலயே வெச்சிகினான். எனுக்கு அடிக்க சான்ஸே குடுக்கல, பாவி.

மூணாவது பாட்டு வாசிச்சான். நாலாவதும் வாசிச்சான். தேவி தலய செவுத்துல சாச்சிகினு கண்ண மூடிகினா. தூங்கிட்டாளோன்னு பாத்தேன். இல்ல, கால் கட்டவெரலு ஒண்டி தாளம் போட்டுகினு கீது. எனுக்கு ஒரு வாசன வந்துச்சி. சொல்லலாமா வேணாமான்னு வாய மென்னேன். சொல்லல.

அவன்தான் நிறுத்துனான். "தேவி, சோறு!"

அவ அலறிகினு எய்ந்தா. ஒலய எறக்குனா. அரிசின்னு ஒண்ணு அதுல இருந்த அடையாளமே இல்ல. கொயஞ்சி, களியாயி, அடில புட்ச்சிகினு கீது.

அவன் அங்கியே நின்னுகினு, கிட்டார கீய கூட வெக்காம, பயந்துகினே கேட்டான். "பல்லு கூசுதா?"

அவ கரண்டிய வுட்டு பாத்தா. கரண்டி நட்டுகினு நிக்கிது. "இந்த சோத்துக்கு பல்லு இன்னாத்துக்குயா வேணும்?"ன்னா. போயி வாசப்படிலேர்ந்து பைய எட்தாந்து உள்ள வெச்சா.

நான் தொடப்பத்த அங்கியே போட்டுட்டு வந்துட்டேன். அப்பால அங்க எனுக்கு இன்னா வேல?

இப்பல்லாம் சாய்ந்தரத்துல மெதுவாதான் வாசிக்கிறான். தெருவுக்கு கேக்காது. பொட்டி மூஞ்சி என் செவுத்த பாத்துகினு கீதா, கீச்சு அல்லாம் அந்தாண்டயே நின்னுடுது. கும்மு ஒண்டி கல்லு வயியா வந்து முதுகுல எறங்குது. ஒத்தடம் குடுக்கிற மாதிரி.

லாஞ்சு மாமு போன வாரம் வந்து கேட்டாரு, "இன்னா ஆயா, திருகாணி பொட்டி சத்தமே காணோமே? ரவ ஏத்தச் சொல்லேன்." பொட்டி பொகஞ்சி பூட்ச்சி, காயலாங்கடைல போட்டுட்டான்னு சொல்லிட்டேன். மேல் வூட்டுக்காரி வந்து கேட்டா, அவளுக்கும் அதே. பால்காரனுக்கும் அதே. அந்த செவுத்துல ஒரு ஆளு சாயறதுக்குத்தான் எடம் கீது.

"அப்ப சாய்ந்தரமானா நீ இன்னாத்துக்கு ஆயா செவுத்த வுட்டு நகர மாட்டேன்ற?"ன்னு மேல் வூட்டுக்காரி நோண்டுனா.

முதுகு வலின்னு சொல்லி கீறேன்.